எண்கள் முரண்டு பிடித்தால் எங்கே பார்ப்பது: உடலியக்கவியல் ஆய்வேட்டுக்குப் பிழை நீக்கும் வழிமுறை

உடலியக்கவியல், உடற்கல்வி, பிசியோதெரபி படிப்பவர்கள் முதல் ஆய்வேட்டில் மாட்டிக்கொள்ளும் இடங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். கோளாறு கண்ணில் படுவது எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருளின் திரையில்; அது நுழைந்ததோ பல வாரங்களுக்கு முன், மைதானத்தில். எந்தச் சோதனையைப் போட்டால் பி மதிப்பு (பலனே இல்லாவிட்டாலும் இப்படியொரு முடிவு தற்செயலாக வரும் வாய்ப்பு) இறங்கும் என்று தேடுவது அதனால்தான் வீண் வேலையாகிறது. கீழே வரும் அறிகுறிகளில் பார்க்கவேண்டிய வரிசை இது: முதலில் அளவெடுத்த விதம், அடுத்து அளக்கப்பட்ட ஆட்கள், பிறகு ஆய்வின் அமைப்பு. மூன்றும் சரியாக இருந்தால் மட்டும் புள்ளியியல்.

எல்லாவற்றுக்கும் ஒரே ஆய்வை எடுத்துக்கொள்வோம். கல்லூரி வாலிபால் வீரர்கள். 6 வாரம், வாரத்துக்கு 2 நாள் பிளையோமெட்ரிக் பயிற்சி, அதாவது வேகமாகக் குதித்து இறங்கும் வகைப் பயிற்சி. அளப்பது எம்பிக் குதிக்கும் உயரம், அதாவது வெர்டிகல் ஜம்ப், செ.மீ-இல். எடுத்துக்காட்டுகளில் வரும் குதிப்பு எண்கள் கணக்கைக் காட்டுவதற்காக வைத்தவை. உங்கள் அளவு ஓட்டமோ கைப்பிடி வலிமையோ மூட்டுக் கோணமோ, தர்க்கம் மாறாது.

"தலைப்பு ஓகே ஆயிடுச்சு, எதை அளக்கிறதுன்னு தெரியல"

"விளையாட்டு வீரர்களின் உடல்தகுதியில் பிளையோமெட்ரிக் பயிற்சியின் தாக்கம்" என்று தலைப்பு இருந்தால் இந்தச் சிக்கல் வந்தே தீரும். உடல்தகுதி என்பது வேகமா, வலிமையா, தாங்குதிறனா? யாரிடம், என்ன செய்து, எதோடு ஒப்பிட்டு, எதை எந்த அலகில் அளக்கிறோம் என்ற நான்குக்கும் தலைப்பிலோ முதல் குறிக்கோளிலோ பதில் இருக்கவேண்டும். முதன்மை அளவு ஒன்றுதான். மற்றவை எத்தனை இருந்தாலும் அவை துணை அளவுகள்.

சரிபார்க்க எளிய வழி, தரவு எடுக்கும் முன்பே முடிவு அட்டவணையை வெறுமையாக வரைவது. எந்த வரிசையில் எந்தக் குழு, எந்தப் பத்தியில் எந்த எண், எந்த அலகு என்று எழுதிவிட்டு, கட்டங்களைக் காலியாக விடுங்கள். அதை வரைய முடியவில்லை என்றால் தலைப்பு இன்னும் முடியவில்லை. வரைந்ததை உங்கள் ஆய்வைப் பற்றி எதுவும் தெரியாத வகுப்புத் தோழரிடம் காட்டி, "இதில் நான் என்ன கேட்கிறேன்?" என்று கேளுங்கள். அவர் சொல்வது உங்கள் கேள்வியாக இல்லையென்றால் மறுபடி எழுதுங்கள்.

"மூணு தடவை குதிச்சா மூணு நம்பர் வருது"

ஆய்வேட்டின் பாதித் தலைவிதி இங்கேதான் முடிவாகிறது, நிதானமாகப் பார்ப்போம். முதலில் எண்கள் எந்தத் திசையில் நகர்கின்றன என்று கவனியுங்கள்.

34.1, 36.0, 37.8 என்று ஏறிக்கொண்டே போனால், அந்த ஆள் இன்னும் குதிக்கக் கற்றுக்கொண்டிருக்கிறார், அல்லது உடம்பு இன்னும் சூடாகவில்லை. முன் சோதனைக்குச் சில நாள் முன்பே ஒரு பழக்க நாள் வைத்து, ஒவ்வொருவரையும் 8 முதல் 10 தடவை குதிக்கவிடுங்கள். அந்த எண்களைக் கணக்கில் சேர்க்காதீர்கள். சோதனை நாளில் வார்ம்-அப் எல்லோருக்கும் ஒன்றாக இருக்கட்டும்: 5 நிமிட மெதுவோட்டம், கால் வீச்சுகள், பிறகு முழு முயற்சி இல்லாமல் 3 குதிப்பு. ஒரு தசையை ஒரு நிமிடத்துக்கு மேல் இழுத்துப் பிடிக்கும் ஸ்ட்ரெச்சிங்கைக் குதிப்புக்கு முன் வைக்கவேண்டாம். அது உயரத்தைக் கொஞ்சம் குறைத்துவிடும்.

37.8, 36.4, 34.9 என்று இறங்கினால் களைப்பு. குதிப்புகளுக்கு நடுவே முழுதாக ஒரு நிமிடமாவது ஓய்வு கொடுங்கள். முந்தின நாள் கால் பயிற்சி செய்தாரா என்று கேட்டு எழுதிவையுங்கள். ஒரே நாளில் பல சோதனை இருந்தால் குதிப்பு முதலில், ஸ்பிரிண்ட் அடுத்து, தாங்குதிறன் கடைசியில்.

36.8, 33.0, 37.1 என்று ஏறி இறங்கினால் குதிக்கும் முறையோ கருவியோ ஆடுகிறது. கைகள் எங்கே இருக்கின்றன? கையை வீசிக் குதித்தால் உயரம் 10 விழுக்காடோ அதற்கு மேலோ கூடும். ஒரு குதிப்பில் கை இடுப்பிலும் அடுத்ததில் பாதி வீச்சிலும் இருந்தால் நீங்கள் அளப்பது இரண்டு வேறு செயல்களை. கை இடுப்பை விட்டு விலகினால் அந்தக் குதிப்பு செல்லாது என்று முன்பே எழுதிவைத்து, ஆள் யாராக இருந்தாலும் அதையே கடைப்பிடியுங்கள்.

இப்போது கருவி. வான்நேரத்தை, அதாவது கால் தரையில் படாத நேரத்தை, வைத்து உயரம் கணக்கிடும் கருவிகள் எல்லாமே (கால் பட்டதை உணரும் விரிப்பான காண்டாக்ட் மேட், கைபேசி வீடியோ ஆப்) ஒரே சூத்திரத்தில்தான் ஓடுகின்றன:

உயரம் (மீட்டர்) = 9.81 × வான்நேரம்² ÷ 8

வான்நேரம் 0.50 வினாடி என்றால் 30.7 செ.மீ. கைபேசி வினாடிக்கு 30 பிரேம் எடுத்தால் ஒரு பிரேம் 33 மில்லிவினாடி. கால் தரையை விட்ட பிரேமை ஒன்று முன்னதாகக் குறித்துவிட்டால் நேரம் 0.533 ஆகிறது, உயரம் 34.9 செ.மீ. ஒரு பிரேம் பிசகியதில் 4 செ.மீ-க்கும் மேல் போய்விட்டது. 6 வாரப் பயிற்சி தரப்போகும் முன்னேற்றமே அவ்வளவு இருக்குமா என்பது சந்தேகம். அதே கைபேசியை வினாடிக்கு 240 பிரேம் ஸ்லோமோஷனில் வைத்தால் ஒரு பிரேம் பிசகுக்கு அரை செ.மீ-தான். கைபேசியைக் கையில் பிடிக்காமல் ஸ்டாண்டில், தரைமட்டத்தில், பாதம் தெரியும்படி வையுங்கள். வெளிச்சம் குறைந்த ஹாலில் பாதத்தின் விளிம்பு மங்கி, கால் எந்தப் பிரேமில் கிளம்பியது என்றே தெரியாமல் போகும். இன்னொன்று: சில கைபேசிகள் 240-இல் பதிவு செய்தாலும் வாட்ஸ்அப்பில் அனுப்பியதும் வீடியோ சுருங்கி பிரேம் வேகம் குறைந்துவிடும். மூலக் கோப்பைக் கேபிளில் மாற்றுங்கள்.

இதே சூத்திரம், கிளம்பும்போதும் இறங்கும்போதும் உடல் ஒரே நிலையில் இருப்பதாக நம்பிக்கொள்கிறது. முழங்காலை மடக்கி இறங்குபவர் சற்றுத் தாமதமாகத் தரையைத் தொடுவார், வான்நேரம் நீளும், குதிக்காத உயரம் கணக்கில் ஏறும். சில வாரப் பழக்கத்தில் ஆட்கள் இதைத் தெரியாமலேயே கற்றுக்கொள்வார்கள். கணுக்கால் நீட்டி, முழங்கால் நேராக, முன்பாதத்தில் இறங்கவேண்டும் என்று சொல்லிக்கொடுங்கள். வீடியோ இருந்தால் இறங்கும் பிரேமில் முழங்காலைப் பாருங்கள். மடங்கியிருந்தால் அந்தக் குதிப்பை ஒதுக்கிவிட்டு இன்னொன்று எடுங்கள்.

சுவரில் சுண்ணாம்புத் தூள் விரலால் தொடும் பழைய முறைக்கு, 1921-இல் எம்பிக் குதிக்கும் சோதனையை வெளியிட்ட டட்லி சார்ஜென்டின் பெயரே நிலைத்துவிட்டது. கருவிச் செலவு இல்லாததால் இன்றும் அதுதான் பல கல்லூரிகளில் ஓடுகிறது. அதில் பிழை நுழையும் வாசல் வேறு: நின்று எட்டும் உயரம். தோளை முழுதாக நீட்டாமல் சோம்பலாக எட்டினால் தொடக்கக் கோடு 3 செ.மீ கீழே விழும். குதிப்பு உயரம் அதே 3 செ.மீ கூடும். குதிகால் தரையில், சுவர்ப்பக்கத் தோள் காதை ஒட்டும்வரை நீட்டி, மூன்று முறை எட்டச்சொல்லி உயர்ந்ததை எடுங்கள். செருப்பு, ஷூ விஷயத்தில் முன் சோதனையில் எப்படியோ பின் சோதனையிலும் அப்படியே.

மூன்றில் சிறந்ததை எடுப்பதா, சராசரியா? இரண்டும் ஏற்கத்தக்கவை. சராசரி பிழையை இன்னும் நன்றாக அடக்கும் என்பதால் எங்கள் தேர்வு சராசரி. எதுவானாலும் தரவு எடுக்கும் முன் முடிவு செய்து எழுதிவிடுங்கள்.

"ஆர் 0.95 வந்திருக்கு, ஆனா கைடு ஒத்துக்க மாட்டேங்கிறார்"

கைபேசி ஆப்பும் சுவர் முறையும் ஒரே விடை தருகின்றனவா என்று பார்க்க ஒட்டுறவுக் கெழு (ஆர்) போட்டிருப்பீர்கள். அங்கேதான் பிசகு. ஒருவரின் எண் கூடும்போது மற்றக் கருவியிலும் கூடுகிறதா என்பதை மட்டுமே ஆர் சொல்லும். ஒரு கருவி எல்லோருக்கும் 6 செ.மீ அதிகம் காட்டினாலும் ஆர் அசையாது.

1986-இல் பிளாண்ட், ஆல்ட்மன் இருவரும் லான்செட் இதழில் சொன்ன வழியைப் பின்பற்றுங்கள். ஒவ்வொருவருக்கும் இரு கருவி எண்களின் வித்தியாசத்தை எடுங்கள். வித்தியாசங்களின் சராசரியையும் திட்ட விலக்கத்தையும் (எண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறுகின்றன என்ற அளவு) கண்டு, சராசரி ± 1.96 × திட்ட விலக்கம் என்று எல்லை போடுங்கள். சராசரி வித்தியாசம் 6, திட்ட விலக்கம் 2.5 என்றால் எல்லை 1.1 முதல் 10.9 செ.மீ வரை. ஏறத்தாழ 95 விழுக்காட்டினருக்கு இரு கருவிகளும் இந்த எல்லைக்குள் விலகும். அந்த விலகல் உங்கள் வேலைக்குத் தாங்குமா என்பதைப் புள்ளியியல் சொல்லாது. குதிப்பைப் பற்றித் தெரிந்த நீங்கள்தான் சொல்லவேண்டும். இந்த எண்களைப் பார்த்தால், முன் சோதனை ஒரு கருவியிலும் பின் சோதனை மற்றதிலும் எடுக்கவே கூடாது என்பது மட்டும் உறுதி.

ஆரைப் பற்றியே இன்னொரு புகார் வரும். கால் வலிமைக்கும் குதிப்பு உயரத்துக்கும் ஆர் 0.80, பெண்களை மட்டும் எடுத்தால் 0.2, ஆண்களை மட்டும் எடுத்தால் 0.25. கணக்கில் தவறில்லை. ஆண்கள் கூட்டம் வரைபடத்தில் மேலே வலப்புறம், பெண்கள் கூட்டம் கீழே இடப்புறம். இரண்டு கூட்டங்களுக்கு நடுவே உள்ள தூரத்தைத்தான் ஆர் அளந்திருக்கிறது. சிதறல் படத்தை இரு நிறத்தில் வரைந்தால் கண்ணாலேயே பிடித்துவிடலாம். தனித்தனியாக அறிக்கையிடுங்கள்.

"இவர் 3 செ.மீ முன்னேறிட்டாரா, இல்லையா?"

எந்தப் பயிற்சியும் தராமல், ஒரு வார இடைவெளியில் ஒரே ஆட்களை இரண்டு முறை அளந்திருந்தால் இதற்கு விடை கிடைக்கும். 15 முதல் 20 பேரை வைத்து ஒரு முன்னோட்டம் போதாதா என்று கேட்பார்கள். நம்பகத்தன்மையைத் துல்லியமாகச் சொல்ல அது குறைவு, ஒன்றுமே இல்லாததற்கு எவ்வளவோ மேல்.

இரண்டு நாள் எண்களைக்கொண்டு ஐசிசி (இரு முறை அளந்தவை எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எண்; 1-ஐ நெருங்கினால் நல்லது) கணக்கிடுங்கள். மென்பொருள் எந்த வகை ஐசிசி என்று கேட்கும். ஷ்ரௌட்டும் ஃபிளைஸ்ஸும் 1979-இல் ஆறு வகை சொன்னார்கள், வகை மாறினால் எண்ணும் மாறும். அதனால் மாடல், ஒற்றை அளவா சராசரியா, முழு ஒப்புமையா ஒழுங்கு மட்டுமா என்ற மூன்றையும் ஆய்வேட்டில் எழுதுங்கள். நாள் விட்டு நாள் அளக்கும்போது பொதுவாக முழு ஒப்புமையே வேண்டும்.

பிறகு இந்த இரண்டு படி:

அளவீட்டுத் திட்டப் பிழை = திட்ட விலக்கம் × √(1 − ஐசிசி)
குறைந்தபட்ச நிஜ மாற்றம் = 1.96 × √2 × அளவீட்டுத் திட்டப் பிழை

குழுவின் திட்ட விலக்கம் 5 செ.மீ, ஐசிசி 0.90 என்று வையுங்கள். பிழை 1.58 செ.மீ, நிஜ மாற்றத்துக்கான எல்லை 4.4 செ.மீ. ஐசிசி 0.90 என்பதைப் பல நூல்கள் "மிக நன்று" என்று வகைப்படுத்தினாலும், ஒரு தனி ஆளின் 3 செ.மீ முன்னேற்றம் பிழைக்குள்ளேயே அடங்கிப்போகிறது. இந்த 4.4 தனி ஆளுக்கான எல்லை என்பதை மறக்கவேண்டாம். குழுச் சராசரிக்கு அதைப் பயன்படுத்துவது தவறு. பலரின் பிழை ஒன்றையொன்று அடித்துக்கொள்வதால் சராசரி இதைவிட நுணுக்கமாக அளக்கப்படுகிறது.

"கட்டுப்பாட்டுக் குழுவும் முன்னேறிடுச்சு"

பதறவேண்டாம், கட்டுப்பாட்டுக் குழு, அதாவது சோதனைக் குழுவின் பயிற்சியைப் பெறாமல் ஒப்பிட மட்டும் வைத்த குழு, தன் வேலையைச் செய்திருக்கிறது. பயிற்சி அல்லாத ஏதோ ஒன்றும் எண்ணை உயர்த்துகிறது என்று அது காட்டிக்கொடுத்துவிட்டது. அந்த ஏதோ ஒன்று எது?

பழக்கம் முதல் சந்தேக நபர். பழக்க நாள் வைக்கவில்லை என்றால் மேலே தேடவேண்டியதில்லை. அடுத்தது நேரமும் காலநிலையும்: முன் சோதனை காலை 6:30-க்கும் பின் சோதனை மாலை 5 மணிக்கும் எடுத்திருந்தால், உடல்வெப்பம் கூடிய மாலையில் குதிப்பு உயர்வது இயல்பு. ஜனவரிக் குளிரில் தொடங்கி மார்ச் வெயிலில் முடியும் ஆய்வுக்கும் இதே சங்கடம் உண்டு. மூன்றாவது கசிவு. இரு குழுவும் ஒரே ஹாஸ்டல், ஒரே அணி. சோதனைக் குழு செய்யும் பாக்ஸ் ஜம்பை மற்றவர்கள் ஓரமாக நின்று பார்த்துவிட்டு மாலையில் தாங்களே செய்துபார்ப்பார்கள். வாரம் ஒருமுறை கட்டுப்பாட்டுக் குழுவிடமும் பயிற்சிக் குறிப்பேடு வாங்கினால்தான் இது தெரியவரும்.

நான்காவதுதான் கண்ணுக்குத் தெரியாதது. 100 பேரை அளந்து, மிகக் குறைவாகக் குதித்த 20 பேரை மட்டும் ஆய்வுக்கு எடுத்தீர்களா? அந்த 20 பேரில் சிலர் அன்றைக்கு மட்டும் மோசமாகக் குதித்தவர்கள். மறுமுறை அளந்தால் ஒன்றுமே செய்யாமல் சராசரி மேலே வரும். பெற்றோர், பிள்ளைகள் உயரத்தை ஒப்பிட்டு ஃபிரான்சிஸ் கால்டன் 1886-இல் எழுதிய சராசரிக்குத் திரும்பும் போக்கு இதுவே. தவிர்க்க, தேர்வுக்கு ஒரு அளவு, முன் சோதனைக்கு வேறு நாளில் இன்னொரு அளவு எடுங்கள். தேர்ந்தெடுத்த அதே 20 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரியுங்கள். அப்போது இரு குழுவும் ஒரே அளவு திரும்பும். எஞ்சிய வித்தியாசம் பயிற்சியுடையது.

"ஒரு குழுவுக்கு பி 0.03, இன்னொன்றுக்கு 0.08. பயிற்சி பலன் தருதுன்னு எழுதலாமா?"

எழுதக்கூடாது. ஆய்வேடுகளில் எங்களுக்கு மிகவும் கவலை தரும் பிழை இதுதான், ஏனென்றால் பார்க்க மிகச் சரியாகத் தெரியும். சோதனைக் குழு 3.0 செ.மீ முன்னேறி பி 0.03, கட்டுப்பாட்டுக் குழு 2.2 செ.மீ முன்னேறி பி 0.08. ஒன்று வழக்கமான 0.05 எல்லைக்குக் கீழே, மற்றது மேலே. ஆனால் உங்கள் கேள்வி இரு குழுவுக்கும் இடையே உள்ள வித்தியாசம் பற்றியது, அது 0.8 செ.மீ. அந்த 0.8-ஐ நீங்கள் சோதிக்கவே இல்லை.

ஒவ்வொரு குழுவின் முன், பின் எண்களை ஒப்பிடும் இரண்டு தனித்தனி இணை டி சோதனைகளை நீக்குங்கள். பின் சோதனை எண்ணைச் சார்ந்த மாறியாகவும், குழுவைக் காரணியாகவும், முன் சோதனை எண்ணைத் துணை மாறியாகவும் வைத்து ஆன்கோவா (தொடக்க வித்தியாசத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டு குழுக்களை ஒப்பிடும் சோதனை) போடுங்கள். எஸ்பிஎஸ்எஸ் இல்லையென்றால் ஜமோவி, ஜாஸ்ப் இரண்டும் இலவசம், இரண்டிலும் இது இருக்கிறது. அறிக்கையில் திருத்திய சராசரி வித்தியாசம், அதன் 95 விழுக்காடு நம்பக இடைவெளி (உண்மை வித்தியாசம் இருக்கக்கூடிய எல்லை), அதன்பிறகு பி மதிப்பு, இந்த வரிசையில் எழுதுங்கள்.

தொடக்கத்திலேயே ஒரு குழு 4 செ.மீ உயரமாகக் குதித்தது என்றால், அது குலுக்கலில் தற்செயலாக வந்ததா, "வர விருப்பமுள்ளவர்கள் சோதனைக் குழு" என்று பிரித்ததால் வந்ததா என்று பாருங்கள். முதலாவது என்றால் ஆன்கோவா கவனித்துக்கொள்ளும். இரண்டாவது என்றால் எந்தக் கணக்காலும் முழுதாகச் சரிசெய்ய முடியாது. ஆர்வமும் வருகையும் குதிப்போடு பின்னியிருக்கின்றன. "குலுக்கல் முறை" என்ற சொல்லை ஆய்வேட்டிலிருந்து எடுத்துவிட்டு, பிரித்த விதத்தை உள்ளபடி எழுதுங்கள். பதிவேட்டில் ஒற்றைப்படை எண், இரட்டைப்படை எண் என்று பிரிப்பதும் குலுக்கல் அல்ல. அடுத்தவர் எந்தக் குழு என்று சேர்ப்பவருக்கே முன்கூட்டித் தெரிந்துவிடுகிறது. கணினியில் 4 பேர் கொண்ட தொகுதிகளாக வரிசை உருவாக்கி, ஆய்வில் சேராத ஒருவரிடம் கொடுத்து, எண்ணிட்ட ஒளிபுகா உறைகளில் போடச் சொல்லுங்கள். முன் சோதனை முடிந்த பிறகே உறை திறக்கட்டும்.

"பி 0.05-ஐத் தாண்டிடுச்சு"

0.06-ஐ "முக்கியத்துவத்தை நெருங்குகிறது" என்று எழுதுவது தீர்வல்ல. ஆட்களை இன்னும் நாலு பேர் சேர்த்து மறுபடி பார்ப்பது அதைவிட மோசம். ஒவ்வொரு முறை எட்டிப்பார்க்கும்போதும் பொய்யான வெற்றிக்கு வாய்ப்பு கூடுகிறது. முதலில் உங்கள் ஆய்வுக்கு எதைக் கண்டுபிடிக்கும் திறன் இருந்தது என்று பாருங்கள்.

குழுவுக்கு 15 பேர் என்பது நம் ஆய்வேடுகளில் ஏறத்தாழ வழக்கமாகிவிட்டது. இரு பக்கச் சோதனை, 0.05 எல்லை, 80 விழுக்காடு திறன் (பலன் நிஜமாக இருந்தால் அதைப் பிடிக்கும் வாய்ப்பு) என்று ஜிபவர் மென்பொருளில் போட்டால், 15 பேரால் பிடிக்கக்கூடியது திட்ட விலக்கத்தைப்போல் சுமார் 1.06 மடங்கு வித்தியாசம்தான். விலக்கம் 5 செ.மீ என்றால் 5.3 செ.மீ. அதைவிடச் சிறிய பலன் நிஜமாகவே இருந்தாலும் பெரும்பாலும் நழுவிவிடும். 0.8 மடங்கைப் பிடிக்க குழுவுக்கு 26 பேர், 0.5 மடங்குக்கு 64 பேர் வேண்டும்.

64 பேருக்கு எங்கே போவது? இங்கே ஆன்கோவா கைகொடுக்கும். முன், பின் சோதனை எண்களுக்கிடையே ஒட்டுறவு 0.8 இருந்தால், தேவையான எண்ணிக்கை (1 − 0.8²), அதாவது 0.36 மடங்காகக் குறைகிறது: 64-க்குப் பதில் சுமார் 23. அந்த 0.8 எங்கிருந்து வரும்? நன்றாக அளந்தால் வரும். பழக்க நாள், மூன்றின் சராசரி, 240 பிரேம் என்று மேலே சொன்ன எல்லாமே இங்கே ஆள் எண்ணிக்கையாகத் திரும்பி வருகின்றன.

ஆய்வு முடிந்தபின் கையில் 0.06 மட்டும் இருந்தால், நம்பக இடைவெளியை எழுதுங்கள். "வித்தியாசம் 2.4 செ.மீ, இடைவெளி −0.1 முதல் 4.9" என்றால் பலன் பூஜ்யமாகவும் இருக்கலாம், 5 செ.மீ வரையும் இருக்கலாம் என்று படிப்பவருக்குப் புரியும். "பலன் இல்லை" என்று எழுதினால் அது பொய்.

நேர்மாறான அறிகுறியும் உண்டு: 12 அளவுகள் எடுத்து, இரண்டில் மட்டும் பி 0.05-க்குக் கீழே. பயிற்சி சுத்தமாகப் பலனற்றதாக இருந்தாலும், ஒன்றையொன்று சாராத 12 சோதனைகளில் ஒன்றாவது தற்செயலாக "வெற்றி" பெற 46 விழுக்காடு வாய்ப்பு இருக்கிறது. முதன்மை அளவு எதுவென்று முன்பே எழுதியிருந்தால் அதை மட்டும் 0.05-இல் பாருங்கள், மற்றவற்றுக்கு ஹோம் திருத்தம் (சோதனைகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப எல்லையைக் கடுமையாக்கும் முறை) போடுங்கள்.

"பாதியிலே ஆளுங்க நின்னுட்டாங்க"

செமஸ்டர் தேர்வு, அணித் தேர்வு, கணுக்கால் சுளுக்கு. நிற்பவர் இருப்பார்கள் என்று தொடக்கத்திலேயே கணக்கில் சேருங்கள்: 26 பேர் வேண்டும், 20 விழுக்காடு நிற்கலாம் என்றால் 26 ÷ 0.8, அதாவது 33 பேரைச் சேர்க்கவேண்டும். நின்றவர்களை அழித்துவிட்டு மீதியை மட்டும் அலசாதீர்கள். வலியால் நின்றவர்கள் சோதனைக் குழுவில்தான் இருப்பார்கள்; அவர்களை விட்டால் பயிற்சி உள்ளதைவிட நல்லதாகத் தெரியும். பயிற்சியை நிறுத்தியவரையும் பின் சோதனைக்கு மட்டும் அழைத்து அளந்து, முதலில் ஒதுக்கிய குழுவிலேயே வைத்துக் கணக்கிடுங்கள். யார், எந்த வாரம், ஏன் நின்றார் என்பதற்கு ஒரு படம் வரையுங்கள். வருகை 12 அமர்வில் எத்தனை என்பதையும் ஒவ்வொருவருக்கும் எழுதுங்கள்.

"ஈஎம்ஜி சிக்னல் ரிப்பன் மாதிரி தடிப்பா வருது"

ஈஎம்ஜி என்பது தோலில் ஒட்டிய எலெக்ட்ரோடுகளால் தசையின் மின் சிக்னலைப் பதிவது. தசை ஓய்வில் இருக்கும்போதும் கோடு ஒரே தடிப்பாக இருந்தால் அது மின்கம்பி இரைச்சல். அதிர்வெண் நிறமாலையில் 50 ஹெர்ட்ஸில் ஊசிபோல் நிற்கிறதா என்று பாருங்கள். இந்தியாவிலும் இலங்கையிலும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஒரு அதிர்வெண்ணை மட்டும் நீக்கும் நாட்ச் ஃபில்டரைப் போட்டு மறைக்காதீர்கள்: தசைச் சிக்னலின் நல்ல பகுதியும் அந்த அதிர்வெண்ணைச் சுற்றியே இருக்கிறது, அதுவும் சேர்ந்து போய்விடும். முடியைச் சிரைத்து, தோலை லேசாகத் தேய்த்து, ஆல்கஹாலில் துடைத்து, காயவிட்டு, மறுபடி ஒட்டுங்கள். ரெஃபரன்ஸ் எலெக்ட்ரோடு எலும்பு முனையில் உறுதியாக இருக்கவேண்டும். லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். பல தடவை அத்தோடு தீர்ந்துவிடும். குதிக்கும்போது மட்டும் கோடு அலையாக ஆடினால் கேபிள் அசைகிறது. டேப் போட்டுக் கட்டுங்கள், 20 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளதை வடிகட்டுங்கள்.

இரண்டு எலெக்ட்ரோடு மையங்களுக்கும் இடையே 20 மி.மீ, தசை இழைகள் ஓடும் திசையில். வெளித்தொடைத் தசைக்கு, இடுப்பெலும்பின் முன்முனையிலிருந்து முழங்கால் சில்லின் வெளிப்பக்கம் வரை நூல் பிடித்து, மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில் ஒட்டுங்கள். பின் சோதனையில் ஒரு விரல் தள்ளி ஒட்டினாலே மைக்ரோவோல்ட் மாறிவிடும். ஆகவே நேரடி மைக்ரோவோல்ட்டை ஒப்பிடாமல், அதே நாளில் எடுத்த முழுச் சுருக்கத்தின் விழுக்காடாக மாற்றுங்கள். பயிற்சியால் முழுச் சுருக்கமே வலுத்திருக்கலாம் என்பதால், குதிப்பின்போது விழுக்காடு மாறாமல் இருப்பது "தசையில் மாற்றமில்லை" என்று பொருள்படாது. அந்த வரியை விவாதப் பகுதியில் கட்டாயம் எழுதுங்கள்.

"நெறிமுறைக் குழு திருப்பி அனுப்பிடுச்சு"

பெரும்பாலும் மூன்று காரணம். ஒப்புதல் படிவம் பங்கேற்பவர் படிக்கும் மொழியில் இல்லை. 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குப் பெற்றோர் ஒப்புதலும் பிள்ளையின் சம்மதமும் தனித்தனியாக இல்லை. ஆசிரியரோ கோச்சோ தன் மாணவர்களையே சேர்க்கிறார், மறுத்தால் என்ன ஆகும் என்று எழுதவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2017 வழிகாட்டுதலை முன்னால் வைத்துப் படிவத்தைத் திருத்துங்கள். சேர்க்கும் வேலையை மதிப்பெண் போடும் அதிகாரம் இல்லாத ஒருவரிடம் கொடுங்கள்.

பயிற்சி கொடுத்து விளைவு பார்க்கும் ஆய்வை இந்தியாவில் சிடிஆர்ஐ என்ற மருத்துவ ஆய்வுப் பதிவகத்தில் பதிவதாக இருந்தால், முதல் ஆளைச் சேர்க்கும் முன் செய்யுங்கள். 2018 ஏப்ரல் 1 முதல் அங்கே பின்தேதிப் பதிவு கிடையாது.

சின்னச் சின்ன அறிகுறிகள்

சராசரி நம்பமுடியாத அளவு குறைவு: வராதவர்களுக்கு எக்செலில் 0 போட்டிருப்பீர்கள். கட்டத்தைக் காலியாக விடுங்கள்.

முன், பின் ஒட்டுறவு திடீரென்று 0.1: ஒரு பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்தியிருப்பீர்கள், ஆளுக்கு ஆள் எண் மாறிக் கிடக்கிறது. கையால் எழுதிய மூலத் தாளிலிருந்து 5 பேரை எடுத்துச் சரிபாருங்கள். மூலத் தாளைப் படம் எடுத்துவைத்தால் இந்த இடத்தில் பிழைத்தீர்கள்.

பி = 0.000: அது பூஜ்யம் அல்ல, மூன்று இலக்கத்தில் வெட்டப்பட்டது. பி < 0.001 என்று எழுதுங்கள்.

ஷாப்பிரோ–வில்க் (எண்கள் மணி வடிவில் பரவியிருக்கின்றனவா என்று பார்க்கும் சோதனை) "இயல்பாக இல்லை" என்கிறது: இணை டி சோதனைக்குச் சோதிக்கவேண்டியது முன், பின் எண்களை அல்ல, அவற்றின் வித்தியாசத்தை. அதிலும் ஒரு ஆள் மட்டும் தனியே நின்றால், அவருடைய மூலத் தாளையும் வீடியோவையும் பார்த்துவிட்டு வாருங்கள், 36.5-ஐ 63.5 என்று தட்டியிருக்கலாம்.